சோத்தாங்கைக் கத்தி

தோலின் ஓரத்தைக் கத்தியால் மெல்லிசாகச் சீவும்போது ஒரு சத்தம் வரும். பட்டுப்புடவையை மடித்து வைக்கும்போது வருகிற மாதிரி, கேட்டும் கேட்காததுமாக ஒரு சரசரப்பு. அந்தச் சத்தம் சரியாக வந்தால் வெங்காயத்தோல் போல ஒரு சுருள் கத்தியின் மேலேறி வந்து மடியில் விழும். சரியாக வராவிட்டால் "டர்"ரென்று தோல் கிழியும். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப அந்த "டர்" சத்தம்தான் கேட்டது. அதற்கு யார் காரணம் என்று கேட்டால், பாதிப் பழியை நான்தான் ஏற்க வேண்டும்.

அம்மா அப்போது மாதனூரில் காலையில் வந்து நிற்கிற கம்பெனி பஸ் ஏறி, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் பசை பூசும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பசை என்று நான் எழுதுகிறேனே தவிர, எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பெயர் "சொல்யூஷன்". மேல்தோலையும் உள்தோலையும் ஒட்ட வைக்கிற அந்தச் சொல்யூஷன் நாளெல்லாம் மூக்கில் ஏறி ஏறி, அம்மாவுக்கு முதலில் தலைவலி வந்தது, பிறகு இளைப்பு வந்தது. டாக்டர் சீட்டு எழுதிவிட்டு, "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும்மா, முதல்ல அந்த வேலைய விடு" என்றார். விடுவதாம்! அப்பா ஓட்டுகிற லாரி எந்த வாரம் ஓடும், எந்த வாரம் நிற்கும் என்று அப்பாவுக்கே தெரியாது. அம்மா வேலையை விட்டால் என் படிப்பும் கூடவே நின்றுபோகும் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் "சாம்பிள் ரூம்"மில் ஓர் ஆள் தேவைப்பட்டது. புது மாடல் ஷூவை முதலில் ஒரே ஒரு ஜோடி செய்து பார்க்கிற அறை அது. அங்கே ஜன்னல் உண்டு, காற்று உண்டு, சொல்யூஷன் டப்பா கிடையாது. தைப்பதற்கு முன்னால் தோலின் ஓரத்தை, மடித்தால் தடிக்காத அளவுக்குக் கையாலேயே சீவத் தெரிந்தால் போதும். அம்மாவுக்குத் தெரியும். வீட்டில் ஒரு பாதி ஷேவிங் பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, கழிவுத் துண்டுகளைச் சீவி, அப்பாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி உறையே தைத்திருந்தாள். அதைக் கையில் வாங்கிப் பார்த்த சாம்பிள் ரூம் மாஸ்டர், "கை நல்லா இருக்கு விமலா. ஆனா பிளேடெல்லாம் இங்க ஆவாது, ஒடைஞ்சா தோலு போச்சு. சொந்தமா ஒரு கத்தி செஞ்சிக்கினு வா, அடுத்த மாசம் மொத வியாழக்கெழம டெஸ்ட்டு" என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். அம்மா இடது கைக்காரி. வலது, இடது என்பதெல்லாம் எங்கள் பக்கம் புத்தகத்தில்தான் இருக்கும். வாயில் வருவது "சோத்தாங்கை", "பீச்சாங்கை" இரண்டும்தான். சோறு தின்கிற கை ஒன்று. இன்னொன்று எதற்கு என்று அதன் பெயரே நாறுகிறது, நான் வேறு விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் இடது கையைச் சோற்றில் வைத்தபோதெல்லாம் கரண்டிக் காம்பால் அடி வாங்கியவள் அம்மா. அந்தக் கையின் நடுவிரல் முட்டியில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. அடித்து அடித்து, சாப்பிடுவது, எழுதுவது, நாலு பேர் முன்னால் வாங்குவது, கொடுப்பது எல்லாம் வலது கைக்கு வந்துவிட்டன. வர மறுத்தவை கத்தி, சீப்பு, துடைப்பம் மூன்றும். கல்யாண வீட்டில் காய் நறுக்கக் கூப்பிட்டால் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவாள். "வெளில எவ கிட்டயாவது வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்" என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. டெஸ்ட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "செவுத்துப் பக்கமா திரும்பி உக்காந்துக்கறேன், போ" என்றாள்.

கத்தி செய்யச் சொல்வதற்கு ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் இருந்த நியாஸ் பாயிடம் போனோம். முப்பது வயசுகூட இருக்காது. மூக்கு நுனியில் கோபமும் காதில் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். செய்து வைத்த கத்தி அவரிடம் ஒன்றுகூட இருக்காது. கேட்டால், "ரெடிமேட் வேணும்னா பஜார்ல வாங்கிக்கோ, இங்க வந்து என்ன பேஜார் பண்ணாதே" என்பார். ஒரு கத்தி வேண்டுமென்றால் போய், அடையாளம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அடேயப்பா, பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா? நின்றுகொண்டு வேலையா, உட்கார்ந்துகொண்டா? கல்லின் மேல் வைத்துச் சீவுவீர்களா, கட்டையின் மேலா? கை வேர்க்குமா? பதிலைக் கேட்டுக்கொண்டே மிஷின் ரம்பத்தின் பழைய தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்று பிடித்துப்போனது. பிறகு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு, பென்சிலை எடுத்தார். பிடியை அவரவர் கைக்குத் தகுந்தபடி செதுக்க, கையை அதில் வைத்துச் சுற்றி வரைந்துகொள்வது அவர் வழக்கம்.

"சோத்தாங்கை தானேம்மா?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"ஆமா பாய். சோறு துன்றது இந்தக் கைலதான்" என்று அம்மா வலது கையைப் பத்திரிகையின் மேல் வைத்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரியும். "அம்மா, கத்தி அந்தக் கையிலம்மா" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, தோலை உரிக்கிற பயத்தில் விழுங்கிவிட்டேன். அம்மா வேண்டுமென்றே பொய் சொன்னதாகத்தான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன், கேட்டால் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள், "அவரு கேட்டதுக்குத்தானே நான் பதில் சொன்னேன். சோத்தாங்கைன்னா சோறு துன்ற கை. கத்தி புடிக்கிற கைன்னு அவரு கேட்டாரா?"

பத்து நாள் கழித்து, டெஸ்ட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கத்தி தயாராக இருந்தது. கருப்பு மரப்பிடி, விரலுக்கு விரல் பள்ளம், தகட்டின் ஓரத்தில் அவர் முத்திரையாக மூன்று புள்ளி. நியாஸ் பாய் ஒரு துண்டுத் தோலைச் சீவிக் காட்டியபோது சுருள் காற்றில் பறந்தது. "நீ சீவிக் காட்டும்மா. என் கத்தி என் கண்ணு முன்னால வேல செய்யணும்" என்று பிடிவாதம் பிடித்தார். அம்மா வலது கையில் வாங்கி, குழந்தைக்கு மொட்டை அடிப்பவள் மாதிரி பயந்து பயந்து இரண்டு இழுப்பு இழுத்தாள். அவர் நெற்றியைச் சுருக்கி, "கை புதுசா?" என்றார். "ஆமா பாய், பழகிக்கறேன்" என்று சொல்லி வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கத்தியை இடது கைக்கு மாற்றினாள். "டர்." இன்னொரு துண்டு. "டர்." பிளேடுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், இந்தக் கத்திக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. தட்டைப் பக்கம் தோலில் படிந்து போக வேண்டும். கையை மாற்றினால் சரிவு அடியில் போய்விடும். கத்தி சீவாது, கடிக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கும் அன்று தெரியாது. மடி நிறையக் கிழிந்த தோலோடு உட்கார்ந்து, "அவரு கையில எவ்ளோ அழகா போச்சு. எனக்குத்தான் கை வர்ல, மலரு. வியாழக்கெழம மாஸ்டர் கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்று அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் கிடையாது.

என் பள்ளிக்கூடம் ஆம்பூரில்தான். திங்கட்கிழமை மணியடித்ததும் புத்தகப்பையோடு நேரே நியாஸ் பாயின் கடைக்கு ஓடி, மூச்சு வாங்க, "எங்கம்மா பீச்சாங்கை" என்று சொல்லிவிட்டேன். அவர் பென்சிலைக் கீழே போட்டார்.

"யா அல்லா! நான் கேட்டனே பாப்பா, சோத்தாங்கையான்னு கேட்டனே!"

"நீங்க சோறு துன்ற கையத்தான் கேட்டீங்க."

அவருக்குக் கோபம் வரப்போகிறது என்று நான் ஓடத் தயாராக இருந்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அப்டித்தான் எல்லாரையும் கேக்கறேன். இத்தினி வருஷமா அப்டியே கேட்டுக்கினு இருக்கேன்" என்றார். டெஸ்ட் எப்போது, வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு மொபெட் வந்து நின்றது. அம்மாவுக்கு நான் செய்த காரியம் அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். "கடைத்தெரு வரைக்கும் போயி என் மானத்த வாங்கிட்டு வந்துட்டியா?" என்று பல்லைக் கடித்தாள். நியாஸ் பாய் அதைக் கேட்காதவர் போல வாசற்படியிலேயே உட்கார்ந்து, அதே கல்யாணப் பத்திரிகையின் மிச்ச இடத்தைக் காட்டி, "அக்கா, மூணு புள்ளி வெச்ச கத்தி தப்பா போச்சுன்னா எனக்குத்தான் மானம் போவும். கைய வை" என்றார். அம்மா தெருவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இடது கையை வைத்தாள். பென்சில் அந்தத் தழும்பு விரலைச் சுற்றிப் போகும்போது கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கோடும் அந்த இடத்தில் கோணிப்போனது. "சரிவ இந்தப் பக்கத்துக்குத் திருப்பணும். கத்தி அகலம் கொஞ்சம் கம்மியாவும், பரவால்ல" என்று சொல்லிக் கத்தியை வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு அம்மா என்னோடு பேசவில்லை, புதன்கிழமையும் பேசவில்லை.

வியாழக்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக இருபது பெண்களோடு அம்மா நிற்கும்போது மொபெட் வந்தது. நானும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி அங்கேதான் நின்றேன். நியாஸ் பாய் துணியைப் பிரித்துக் கத்தியை நீட்டினார். அம்மா பழக்கத்தில் வலது கையை நீட்டினாள். அவர் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது அந்தக் கைக்கு செஞ்சது இல்லக்கா."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வலது கையை மெல்ல இறக்கிவிட்டு, இடது கையை நீட்டி வாங்கினாள். பிடி அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்தது. விரலுக்கு விரல் பள்ளம். கூட்டத்தில் ஒருத்தி, "இன்னாடி விமலா, காலங்காத்தால பீச்சாங்கைல வாங்கறே?" என்றாள். சிலர் சிரித்தார்கள். என்னால்தானே இத்தனையும்.

அம்மா கத்தியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாள்:

"இனிமே இதான்டி என் சோத்தாங்கை."

பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பி, இரண்டு நாளாகப் பேசாத வாயைத் திறந்து, "டிபன் பாக்ஸ் எடுத்துக்கினியா?" என்று என்னைக் கேட்டாள்.

சாயங்காலம் அவள் சொல்லித்தான் மிச்சம் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பவில்லையாம். பத்துத் துண்டில் ஒன்பது சுத்தம், ஒன்றில் ஓட்டை. மாஸ்டர் ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு எங்களை ஒரு வாரம் தவிக்கவிட்டு, அப்புறம்தான் சாம்பிள் ரூமுக்கு வரச் சொன்னார். அம்மாவின் இளைப்பு குறைய மூன்று மாதம் ஆயிற்று. நான் பன்னிரண்டாவது முடித்து, அதற்கு மேலும் படித்து, இன்று காட்பாடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நியாஸ் பாய் குடும்பத்தோடு ஊர் மாறிப் போய்விட்டார். அவர் கடை இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அந்தக் கத்தி தீட்டித் தீட்டிச் சுண்டுவிரல் அகலமாகி, மூன்று புள்ளியில் இரண்டு தேய்ந்து, அம்மா வேலையிலிருந்து நின்ற வருஷம் உடைந்தது. போன மாதம் அவளுக்கு ஒரு காய்கறிக் கத்தி செய்து தரலாமென்று பெங்களூரில் ஒருவரைப் பிடித்தேன். எல்லாம் போனிலேயே. என்ன நறுக்குவீர்கள், பிடி எவ்வளவு தடிமன் என்று கேட்டுக்கொண்டு வந்தவர், கடைசியில் எந்தக் கை என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "சோத்தாங்கைன்னு சொல்லுடி!"

அதைக் கேட்டு அவர் வலது கைக்கே செய்துவிடப் போகிறாரே என்று பதறி, "இடது கை, இடது கை" என்று கத்தினேன். என்ன செய்வது, எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். என் மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சோத்தாங்கையைத் தூக்கச் சொன்னபோது இடது கையைத் தூக்கி, சிரிப்புக்கு ஆளாகி வந்தாள். அந்தக் கைக்கு இன்னொரு சொல் இருந்ததே, அது அவளுக்குத் தெரியாது. அதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி ரொம்ப வருஷம் ஆகிறது.