மடைக்குழி விரால்

தூண்டில் கடைக்காரன் என்றால் பொறுமைசாலியாக இருப்பான் என்று ஊருக்குள் ஒரு நினைப்பு. கரையில் காத்துக் கிடந்து, கடைசியில் வெறும் பையோடு வீட்டுக்குப் போய்ப் பேச்சு வாங்கிய உங்களுக்காவது தெரியும், நம்மைப் போல அவசரக்காரன் எவனும் இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், சந்தையில் ஏமாந்து படித்ததுதான் மிச்சம். பங்குனியில் கண்மாய்த் தண்ணீர் வற்றத் தொடங்கினால் கடையில் எனக்கு இருப்புக் கொள்ளாது. இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் வெடித்த மண்தான் என்று கை அரிக்கும்.

சேவல் இறகு

கொடைரோட்டிலிருந்து ஒரு கார் டிரைவர் வந்தார். மலை மேலே குளிர் ஓடையில் இருக்கும் டிரவுட் மீனைப் பிடிக்க, இரைக்குப் பதிலாக இறகில் கட்டிய பொய் ஈ வேண்டுமாம். நிஜப் பூச்சி விழுந்தது போலத் தண்ணீர் மேலே மிதக்க வேண்டுமாம். எதிரே இருக்கும் கோழிக்கடையில் சேவல் இறகு பொறுக்கி வந்து, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றினேன். முதலில் கட்டியது ஈ மாதிரி இல்லை, கோழி மாதிரியே இருந்தது. பிரித்துப் பிரித்துக் கட்டி ஒருவழியாகத் தேறியது.

விலை பேசி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. கிளம்பும்போது சொல்கிறார், பிடிக்கிற மீனை அப்படியே ஓடையில் விட்டுவிடுவாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விடுறதுக்கா எங்கூட இம்புட்டு நேரம் மல்லுக்கட்டுனீங்க?" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "விட்டாத்தானண்ணே அடுத்த வருசமும் வந்து உங்ககிட்ட மல்லுக்கட்ட முடியும்."

கோபத்தில் கடிக்கிற மீன்

அந்தப் பேச்சு மண்டையைக் குடைந்துகொண்டிருந்த சமயத்தில்தான், டயர் கடை ஸ்டீபனோடு சிறுமலை அடிவாரத்துக் கண்மாய்க்குப் போனேன். நீர் எல்லாம் உள்வாங்கி, மடைக்கு முன்னால் இருக்கும் குழியில்தான் ஆழம் மிச்சம். அதில் செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கின. அடியில் தாய் இருக்கும். குஞ்சு காக்கிற விரால் பசிக்குக் கடிக்காது. கிட்டே எது வந்தாலும் கோபத்தில் கடிக்கும்.

ஸ்டீபன் முள் வைத்த ரப்பர் தவளையைக் குறி பார்த்துக் கூட்டத்தின் நடுவிலேயே போட்டான். தண்ணீர் வெடித்தது. முழங்கை நீள விராலை இழுத்துக் கரையில் போட்டுவிட்டான். நான் குழியைப் பார்த்தேன். அதற்குள் ஒரு தண்ணிப்பாம்பு குஞ்சுக் கூட்டத்தை நோக்கி நெளிந்து வந்துகொண்டிருந்தது.

"ஏலே, மீன விட்றா!"

"வெளையாடாதீங்கண்ணே, வீட்டுல மசாலா அரைக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

கடையிலிருந்து புதுத் தூண்டில் ரீல் தருகிறேன் என்றேன். ராடும் சேர்த்து வேண்டும் என்றான். மீன் அவன் கையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. எதற்கும் பேரம் பேசுகிறவன் நான், அன்றைக்குப் பேசவில்லை. "எடுத்துத் தொலை, மொதல்ல விடு!" விட்டான். அம்பு மாதிரி குழிக்குள் போனது. பாம்பு வந்த வழியே திரும்பியது. ஸ்டீபன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "சுள்ளுனு கோவம் வந்து, அதனாலயே மாட்டிக்கிடுது. அச்சு அசல் நீங்கதாண்ணே."

விதைநெல்

வருகிற ஞாயிறு அந்தக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. வெள்ளைத் துண்டை வீசியதும் சுத்துப்பட்டு ஊரெல்லாம் வலையும் கூடையுமாக இறங்கும். ஒரு குஞ்சு மிஞ்சாது. எனக்குத் தூக்கம் போயிற்று. துண்டு வீசுகிற மாரியப்பனைத் தேடிப் போனேன். அவர் தக்காளித் தோட்டத்தில் நின்றார்.

"மடைக்குழிய மட்டும் விட்ருங்க" என்றேன். சிரித்தார். கத்தினேன், அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். பாதிக் குழி என்று இறங்கினேன். அதற்கும் மசியவில்லை. ஆத்திரத்தில், "வெதநெல்லையும் பொங்கித் தின்னுட்டு எதய்யா வெதைப்பீங்க? அடுத்த மழைக்குக் குஞ்சு வானத்துலருந்தா விழும்?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டார். பிறகு சொன்னார்: "சரி, குழியச் சுத்திக் கயிறு கட்டுறேன். ஆனா கயித்துக்கு எவன் பயப்படுவான்? நீங்கதான் உள்ள நின்னு காவல் காக்கணும், கையில ஒரு முள்ளுகூட இருக்கக் கூடாது, அப்பு."

கெண்டைக்கால்

துண்டு பறந்ததும் ஊரே பாய்ந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில், கயிற்றுக்குள், வெறுங்கையோடு நின்றேன். சுற்றிலும் ஆளாளுக்குக் கெளுத்தியைத் தூக்குகிறார்கள், கெண்டையை அள்ளுகிறார்கள். என் விரல்கள் சும்மா இருக்க முடியாமல் தவித்தன. கயிற்றைத் தாண்ட வந்தவர்களை என் வாய் பார்த்துக்கொண்டது. ஆனால் தண்ணீர் கலங்கிச் சேறாகிவிட்டதால் குஞ்சுகள் கண்ணில் படவே இல்லை. தாய் எங்காவது நழுவிப் போய்க் கூடையில் விழுந்துவிட்டதா என்று மனசு அடித்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. சேறு மெல்லத் தெளிந்தது. என் இடுப்புக்குப் பக்கத்தில் செக்கச்செவேல் என்று குஞ்சுகள் மேலே வந்தன. "இருக்குடா!" என்று ஓரடி எடுத்து வைத்தேன். கெண்டைக்காலில் வெடுக்கென்று ஒரு கடி. நான் போட்ட கூச்சலில் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. இன்னும் போகாமல் நின்ற ஸ்டீபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்: "ரப்பர் தவளையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, இனிமே உங்க காலையே வாடகைக்கு விடுங்கண்ணே!"

ஊரே கூடை நிறைய மீனோடு போக, காலில் பல் தடத்தோடு வெறுங்கையாக வீடு திரும்பிய ஒரே தூண்டில் கடைக்காரன் நான்தான். அந்தப் பேரத்தில் எனக்கு நஷ்டம் என்று எவனாவது சொன்னால், அவனை அதே குழியில் கொண்டுபோய் நிறுத்துவேன்.