அருமனைச் சந்தையில் வாங்கிய சாளை

கடலில் அந்தப் பெரும் புயல் அடித்து ஓய்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் நடந்தது இது. எனக்கு ஊர் அருமனை. ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்குக் கடல் என்றால் விடுமுறையில் பார்த்துவிட்டு வருகிற இடம்தான். அந்த ஊர்ப் பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதால், எங்கள் சபைப் போதகர் அங்கே துக்கத்தில் இருந்த வீடுகளுக்குப் போய்வந்தார். பெண்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்ணும் கூட வரட்டும் என்று என்னையும் அழைத்தார்.

நாங்கள் போன வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தார். மீன் விற்கிறவர். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை. இப்படியே போனால் ஆளே கைவிட்டுப் போய்விடுவார் என்று அக்கம்பக்கத்தார் பயந்தார்கள்.

இவருக்குப் போதகர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல். எந்த வசனத்தை எடுப்பார் என்றுகூட ஊகித்து வைத்திருந்தேன். மனிதர் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்துவிட்டார். அடுத்த முறையும் அதே கதைதான்.

பேருந்தில் வரும்போது, "ஒரு ஜெபம்கூடப் பண்ணலியே ஐயா?" என்றேன்.

"அவிய கேக்கலியே" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

அதற்கடுத்த முறை அவர் கையில் ஒரு பை. அருமனைச் சந்தையில் வாங்கிய சாளை மீன். "ஆளு யாவாரத்துக்குப் போவல. வீட்டுல கறிக்கு மீனு இருக்காது" என்றார். மலையோரத்திலிருந்து கடலோரத்துக்கு மீன் சுமந்துபோகும் முதல் ஆள் இவராகத்தான் இருக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பையைத் திறந்ததும் அக்காவின் முகம் வெளிறிப்போனது. அதை வாசலுக்குத் தள்ளிவிட்டார்.

"அன்னைக்கிலேருந்து எங்க வீட்டுக்குள்ள மீனு கேறல. கொண்டு போங்க."

நான் பதறி எழுந்துவிட்டேன். போதகர் அசையவில்லை. "ஏன் மக்களே?" என்று மட்டும், பெற்ற மகளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது கடலுல என்னத்தத் தின்னுச்சோ, ஆருக்குத் தெரியும்?"

இத்தனை மாதமும் இந்த நினைப்போடுதான் தன்னந்தனியாக இருந்திருக்கிறார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இது தோணாமப் போச்சே மக்களே. இத எங்க கொண்டு போடட்டும்?"

"தெங்கு மூட்டுல குழிச்சு மூடுங்க."

வீட்டுக்குப் பின்னால் நின்ற தென்னையின் அடியில் போதகரே மண்வெட்டியால் குழி தோண்டி, மீனைக் கொட்டி மூடினார். அத்தோடு முடிந்தது, கிளம்பலாம் என்று நான் நினைத்தேன். கூட வந்து நின்ற அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு செபம் சொல்லுங்க சாமி" என்றார்.

மீனுக்கா, ஆளுக்கா என்று நான் திகைத்தேன். போதகர் அப்படி எதுவும் அவரிடம் கேட்கவில்லை. மண் அப்பிய கைகளைக் குவித்துக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, அவரு எங்க இருக்காருன்னு எங்களுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்." அவ்வளவுதான் ஜெபம்.

அக்கா குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக் குழியின்மேல் போட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். அழுது ஓய்ந்தபின் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், நாங்கள் கிளம்பும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

இப்போது அவர் மறுபடியும் மீன் விற்கப் போகிறார், வீட்டில் மட்டும் மீன் சமைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். எத்தனையோ அடக்க ஆராதனைகளுக்குப் போயிருக்கிறேன்; ஆனாலும் ஒரு மனிதரை மனதார வழியனுப்பி வைத்ததை நான் கண்ணால் கண்டது அந்தத் தென்னை மூட்டில்தான் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.