ஏலத்தில் வந்த சக்கரம்

போன வாரம் மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் என் பழைய சக்கரம் ஒன்று என்னை இடித்துக்கொண்டு பஸ் ஏறியது. ஒரு கல்லூரிப் பையனின் டி-ஷர்ட்டில் அச்சடித்திருந்தார்கள். ஊதா நிறத்தில் வயல், மேலே வானத்தில் பெரிய சக்கரம், சக்கரத்தின் விளிம்பு முழுக்கக் கண்கள். "தம்பி, அது என்ன படம்?" என்று கேட்டேன். அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டான். "தெரியல ஆன்ட்டி, ஆஃபர்ல போட்டிருந்தாங்க." சொல்லிவிட்டுக் காதில் வயரைச் செருகி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது ஒரு இசைத்தட்டின் அட்டைப் படம். அறுபதுகளின் கடைசியில் லண்டன் பக்கம் தலைமுடி வளர்த்த நாலைந்து பேர் போட்ட ராக் இசைத்தட்டு. அதற்கு சைக்கடெலிக் என்று ஒரு பெயரும் உண்டாம், பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தட்டுக்காக என்னை எங்கள் சபையின் ஆர்கன் பெஞ்சிலிருந்து எழுப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் மறுநாளே உட்கார வைத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. உங்களுக்கு நேரமிருந்தால் சொல்கிறேன்.

எங்களுடையது தரங்கம்பாடி ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு லுத்தரன் சபை. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். சம்பா அறுத்து முடிந்ததும் அறுப்பின் பண்டிகை. முதல் கதிர், பூசணி, வாழைத்தார், கோழி, தையல் மெஷினில் தைத்த தலையணை உறை என்று அவரவர் கொண்டுவந்து படைத்ததையெல்லாம் ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். படைத்தது எதுவானாலும் ஏலத்துக்கு வந்தாக வேண்டும், அது சட்டம். ஒரு வருஷம் மிஷன் பங்களாவின் ஸ்டோர் ரூமைக் காலி செய்தவர்கள் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். பங்களாவில் ஒரு காலத்தில் இருந்த ஜெர்மன் டாக்டரம்மாவுடையது. ஞானப்பாட்டுகளாகத்தான் இருக்கும் என்று நம்பி என் அப்பா ஏலம் எடுத்தார். அப்பாவுக்குக் குத்தகை நிலமும் நல்ல கட்டைக் குரலும் உண்டு. பாடகர் குழுவில் பாஸ் பாடுகிறவர். பூசணிக்காய் வாங்கி வரச் சொன்ன அம்மா அன்று வெறும் ரசம் மட்டும் வைத்தார்.

பெட்டியைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசனை. இன்றைக்கும் துணிப் பெட்டியில் அந்த உருண்டையைப் போடும்போதெல்லாம் எனக்கு ஆர்கன் காதில் விழுகிறது. அப்பா நினைத்தபடி முக்கால்வாசி ஜெர்மன் பாமாலைகள்தான். அடியில் இருந்தது சக்கரம். டாக்டரம்மாவின் அக்கா மகன் என்று ஜடாமுடியோடு ஒருவன் வந்து காய்ச்சலில் கிடந்துவிட்டுப் போனானாம், அவன் விட்டுப்போனதாக இருக்க வேண்டும். அட்டையில் எழுத்துகள் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி உருகி வழிந்தன, ஒன்றையும் படிக்க முடியவில்லை. படத்தை மட்டும் அப்பா ஒரே பார்வையில் படித்துவிட்டார். "தீர்க்கதரிசி தரிசனத்துல கண்ட சக்கரம்மா இது. கண்ணு கண்ணா இருக்கு பாரு." வேதம் தெரிந்த வீட்டில் கண்கள் வைத்த சக்கரத்துக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆர்கனில் மெதுவாக இறங்கி வரும் ஒரு மெட்டு, கோயிலில் கேட்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் டிரம், அலறல், தண்ணீர்ச் சத்தம், ஒரு குழந்தையின் சிரிப்பு, பின்னுக்கு ஓடுகிற மாதிரி ஏதோ. அதெல்லாம் அடங்கிப் பழைய ஆர்கன் மறுபடி வரும். "நடுவுல வர்றது யுகமுடிவு. அப்புறம் வர்றது புதிய பூமி," என்றார் அப்பா. நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். பாதி நம்பினேன். பாட்டு பிடித்துப்போனால் மீதிப் பாதியை யார் தேடப்போகிறார்கள்?

அப்போது நான் மெயின் ரோட்டில் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கேபிள் டி.வி. வந்தது, புதுப்புதுப் பற்பசை வந்தது, பாஸ்போர்ட் எடுக்காதவனைப் பாதி மனிதனாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. எங்கள் பாடகர் குழு விமானம் ஏறிவிட்டது. முதலில் மேல்குரல் பாடும் டெனர்கள் மஸ்கட் போனார்கள், பின்னாலேயே ஆர்கன் வாசித்தவரும் துபாய் போனார். நாலு குரலில் பாடிய பாமாலை ஒரு கால் உடைந்த பெஞ்சு மாதிரி ஆடியது. ஐயரம்மாவிடம் நாலு பாட்டு பழகியிருந்த என்னைப் பிடித்து ஆர்கனில் உட்கார வைத்தார்கள். காலால் மிதித்துக் காற்றடித்து வாசிக்கிற ஆர்கன், இடது மிதி கீச்சிடும். காணிக்கை எடுக்கும் நேரத்தில் முன்பெல்லாம் ஆண்கள் பாடுவார்கள். இப்போது அந்த இடம் காலி. நான் சக்கரத்து மெட்டை வாசித்தேன்.

நடுவில் வரும் யுகமுடிவை என்ன செய்வது? மிதி ஆர்கனில் டிரம் எங்கே போவது? அந்த இடத்தில் ரூத்து பெரியம்மாவின் நடவுப் பாட்டைப் போட்டேன். ரூத்து பெரியம்மா எங்கள் வயலில் நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர். சேற்றில் குனிந்து அவர் முதல் வரியை எடுத்தால் மற்றப் பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். அதை நாலில் ஒரு பங்கு வேகத்தில் வாசித்தேன். அடையாளமே தெரியாது, அந்தப் பெண்களுக்கு மட்டும் தெரியும். முதல் ஞாயிறே பெண்கள் பக்கத்திலிருந்து ரூத்து பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்து வருஷம் வாசிக்கலாம்.

சபைக்கு அந்த மெட்டு பிடித்துப்போயிற்று. பழைய ஜெர்மன் பாமாலை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்குக் கேட்டார்கள், அடக்கத்துக்குக் கேட்டார்கள். ரூத்து பெரியம்மாவின் வீட்டுக்காரர் போனபோது சவப்பெட்டியை எடுக்கும் நேரம் அதைத்தான் வாசித்தேன்.

இரண்டு கிறிஸ்துமஸ் இப்படிப் போயிற்று. அடுத்ததற்குத் துபாயிலிருந்து ஜெபராஜ் லீவில் வந்தான். ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டுகிறவன், கள்ளங்கபடம் இல்லாதவன். ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது சந்தோஷமாகச் சொன்னான்: "அக்கா, சூப்பர்க்கா. இது எங்க முதலாளி கார்ல போடுற பாட்டுல்ல? தண்ணியடிச்சா இதைத்தான் போடுவாரு."

அவ்வளவுதான்.

கமிட்டி கூடியது. செயலாளர் சாமுவேல் சார், ரைஸ் மில் வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், எதிலும் பதர் இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கிற சுபாவம். "பீடத்துக்கு முன்னாடி நின்னு ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுரும்மா. அதோட முடிஞ்சுது," என்றார். அப்பா எழுந்தார். "ஏலம் எடுத்தது நான். கேக்கணும்னா நான் கேக்குறேன்." எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நீங்களும் கேக்கக் கூடாதுப்பா," என்றேன். பிறகு சாமுவேல் சாரிடம், "நான் வாசிக்கிறேன் சார். எந்த இடத்துல பாவம் வருதோ அங்க கையத் தூக்குங்க," என்று சொல்லி ஆர்கனில் உட்கார்ந்தேன். கோபத்தில் ஓங்கி அழுத்தியதில் மிதி வழக்கத்தைவிடக் கீச்சிட்டது, அது வேறு விஷயம்.

மெட்டு இறங்கி வந்தது. யாரும் அசையவில்லை. நடு இடம் வந்ததும் சாமுவேல் சார் கையைத் தூக்கினார். "இதான். இந்த எடந்தான். கேக்கும்போதே தெரியுது பாருங்க, வெள்ளைக்காரன் கூத்து."

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் புறா பறந்தது. ரூத்து பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து நின்றார். "அது நான் பாடுற பாட்டு சார். ஒங்க வயல்லயும் பாடியிருக்கேன். எங்க வீட்டுக்காரர இதுலதான் வழியனுப்புனோம். அது செல்லாதுங்கிறீங்களா?" சாமுவேல் சாரின் முகம் சிவந்துவிட்டது. தப்பு என்று தெரிந்தபின் மனிதனுக்கு வீம்பு அதிகமாகும். ஆர்கனைப் பூட்டினார், சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு காணிக்கை நேரத்தில் கோயில் அமைதியாக இருந்தது. பை சுற்றும் சத்தம் மட்டும். திடீரென்று பெண்கள் பக்கத்தில் ரூத்து பெரியம்மா வாயை மூடிக்கொண்டு அந்த மெட்டை முனகினார். பக்கத்தில் இருந்தவர் வாங்கிக்கொண்டார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும். யாரை அதட்டுவது? எல்லோருடைய வாயும் மூடித்தானே இருந்தது. வாராவாரம் இது நடந்தது. ஐயர் பீடத்தைப் பார்த்தபடி நிற்பார், அவர் தோள் லேசாக ஆடும்.

வெள்ளிக்கிழமைகளில் சாமுவேல் சார் என் பூத்துக்கு வந்தாக வேண்டும், மகன்கள் இருவரும் துபாயில். "போட்டுக் குடும்மா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. லைன் கிடைக்கும்வரை நான் மேஜைமேல் விரலால் மெட்டை வாசித்துக்கொண்டிருப்பேன், வேண்டுமென்றேதான். ஒரு வெள்ளி அவர் செருப்பு தாளம் போட்டது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒரு வார்த்தைம்மா. ஒரே வார்த்தை," என்றார். கெஞ்சுகிற குரல். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "பாவம்னு எனக்குத் தோணல சார். தோணாததுக்கு மன்னிப்பு கேட்டா அதுதான் பாவம்," என்றேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கைப் பையைப் பீடத்தருகே கொட்டினார்கள். நாணயங்களுக்கு நடுவே ஆர்கன் சாவி. அவர் இடுப்பைவிட்டு இறங்காத சாவி அது, வேறு யார் போட்டிருக்க முடியும்? அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் சாவியை எடுத்து, "படைச்சது எதுவானாலும் ஏலத்துக்கு வரணும்ல?" என்று பூசணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏலம் விடுகிறவர் வருஷாவருஷம் சாமுவேல் சார்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆர்கன் சாவி ஒண்ணு. யார் கேக்குறீங்க?"

"என் பொட்டக் கோழி," என்றார் ரூத்து பெரியம்மா.

"ஒரு தரம்." யாரும் மேலே கேட்கவில்லை. மஸ்கட் பணத்தில் புது மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. "ரெண்டு தரம்." அவர் சாவியை உயர்த்திப் பிடித்தார். "மூணு தரம்." ரூத்து பெரியம்மா சாவியை வாங்கி என் கையில் வைத்தார். அன்று முழுதாக வாசித்தேன். நடு இடத்தில் பெண்கள் வாயைத் திறந்தே பாடினார்கள். சாமுவேல் சாருக்கு நல்ல டெனர் குரல் இருந்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

போன வாரப் பஸ்ஸுக்கு வருகிறேன். அந்தப் பையனுக்குப் பின் சீட்டில்தான் எனக்கு இடம் கிடைத்தது. சும்மா இருக்க முடியவில்லை, பாடிவிட்டேன். செம்பனார்கோவில் தாண்டும்போது அவன் வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பினான். "என்ன பாட்டு ஆன்ட்டி?"

"உன் சட்டைப் பாட்டுதாம்பா. நடுவுல கொஞ்சம் எங்களோடது."

அவன் உடனே சட்டைப் படத்தை வைத்துச் செல்போனில் தேடி எடுத்துவிட்டான். லண்டன்காரர்களின் டிரம், அலறல், குழந்தையின் சிரிப்பு, எல்லாம் பத்திரமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் கேட்டுக்கொள்ளலாம். ஆர்கன் கரையானுக்குப் போய் அந்த இடத்தில் தாளத்தையும் தானே போட்டுக்கொள்ளும் கீபோர்டு வந்துவிட்டது. நடவுக்கு மெஷின் வருகிறது. சாமுவேல் சார் மகன்களோடு போய் அங்கேயே அடங்கினார். ரூத்து பெரியம்மாவை வழியனுப்பிய அன்று வாசிக்க ஆர்கன் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான் முனகினோம். அந்த மூவரில் இப்போது ஊரில் இருப்பது நான் மட்டும். எங்கள் நடு இடம் எந்தத் தட்டிலும் இல்லை, எந்தப் போனிலும் இல்லை.

"இதுல நீங்க பாடினது வரலையே ஆன்ட்டி," என்றான் பையன்.

"அதை நிறுத்துப்பா," என்றேன். முதலிலிருந்து மறுபடி பாடினேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். நடு இடம் வந்ததும் குரலை இன்னும் உயர்த்தினேன். வாங்கிப் பாட யாரும் இல்லாததால் எல்லோருடைய வரியையும் நானே பாட வேண்டியிருந்தது.