வாத்தியார் அளந்த வயல்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வயல் சுற்றுவதுதான் வேலை. இன்ஜின் மக்கர் பண்ணினால் எங்கே இறங்கலாம் என்று ஓடுதளத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வயலையும் காலால் அளந்து வைப்பார். மனைவியும் முணுமுணுத்துக்கொண்டே கூட நடப்பாள். வரப்பில் யாரைப் பார்த்தாலும் நின்று கதை பேசுவாள்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு வாயேன். எண்ணிக்கை தப்புது!" என்று அவர் எரிந்து விழுவார்.

"என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்று வருஷக்கணக்காக நச்சரித்தவளை, ஒரு திங்கட்கிழமை காலை தன் சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆயிரம் அடி உயரத்தில் இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது. வாத்தியார் பதறவில்லை. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, முந்தின நாள் அளந்த வயலை நோக்கித் திருப்பினார். அறுவடை முடிந்த வயல். நானூற்றிருபது தப்படி, தாராளம்.

"அதுல வேணாங்க" என்றாள் அவள். "உழவுக்கு ராத்திரியே தண்ணி விட்டிருப்பாங்க. பக்கத்து வயலுக்குப் போங்க."

கேள்வி கேட்க நேரமில்லை. பக்கத்து வயலில் விமானம் குலுங்கி ஓடி நின்றது.

அவர் இறங்கிப் போய், தான் அளந்த வயலில் கால் வைத்தார். அறுத்த நெல்தாளுக்கு அடியில் கணுக்கால் வரை சேறு.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வயலை அளந்துட்டிருந்தீங்க. நான் வயல்காரம்மாகிட்ட பேசிட்டிருந்தேன்."