தண்ணீர் குடிக்காத ஜீவராணி

என் தம்பி முருகையாவுக்கும் அவன் பெண்சாதி ராசம்மாவுக்கும் பிள்ளைகள் நாலு. மூத்தவன் பதுளையில் ஒரு கடையில் வேலைக்கு நின்று அங்கேயே குடியாகிவிட்டான். அடுத்தவள் லுணுகலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கடைசி ஆண்பிள்ளை ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றால் போய் இறந்தது. மூன்றாவதாகப் பிறந்தவள் ஜீவராணி. அவள் மட்டுந்தான் பிறந்த லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீட்டிலேயே இருந்து, அதே தோட்டத்தில் பேர் பதிந்து, அதே மலையில் கொழுந்து எடுத்து, இப்போது ஐம்பத்து நாலு வயதில் நிற்கிறாள். அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் இருமினால் அவளுக்குக் கேட்கும்.

ஜீவராணியைப் பற்றிச் சொல்ல வந்தால் தண்ணீரில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. முப்பத்தாறு வருடமாக வேலைநாளில் அவள் பகலில் தண்ணீர் குடித்தது கிடையாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அரைக் கோப்பை சாயத்தண்ணி, பால் விடாத தேநீர். பிறகு சாயங்காலம் கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்த பின்புதான். இடையில் வாய் காய்ந்தால் வெற்றிலையைப் போட்டு ஈரமாக்கிக்கொள்வாள்.

அது எந்த நாளில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அப்போது நாலாம் நம்பர் மலைக்குக் கங்காணி நான். அவள் பேர் பதிந்து மூன்றாம் நாள். மலையில் பெண்கள் ஒதுங்க மறைவிடம் எதுவும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. தேயிலை இடுப்பளவுதான். வெயிலுக்கு அவள் பத்து மணிக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். பன்னிரண்டு மணிக்கு அடக்க முடியாமல், மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் இறங்கினாள். எதிர்ப்பக்க ரோட்டில் தார் போட வந்திருந்த ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு விசிலடித்தார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது ஒருத்தி, “மழையே இல்ல, கானுல தண்ணி ஓடுதாமே ஜீவா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தராசு முள்ளைப் பார்த்தபடி நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு.

மறுநாளிலிருந்து அவள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவதை விட்டுவிட்டாள். முதல் மாதம் தலைவலி, கிறுகிறுப்பு. பிறகு உடம்பு பழகிவிட்டது என்று சொன்னாள். மற்றப் பெண்கள் இடம் தேடி அலையும் நேரத்தில் அவள் ஒரு நிரையை முடித்திருப்பாள். ‘ஒட்டகம்’ என்று பேர் வைத்தார்கள். முதலில் கேலியாக இருந்த பேர், போகப்போகப் பெருமையாகிவிட்டது. புதிதாக மலைக்கு வரும் பெண்களிடம், “ஜீவாக்காவப் பாத்துக் கத்துக்க” என்று சொல்லும் அளவுக்கு வந்தது. மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படுத்தால் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். அதெல்லாம் மலை ஏறி இறங்குவதால் வருவது என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அவளுடைய ஒரே மகள் விஜயலெட்சுமி. மருமகன் தினேஸ் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். விஜியும் தாயைப் போல மலைக்குத்தான் போனாள். போன முதல் நாளே தாய் சொல்லிக்கொடுத்தது, தண்ணீரைக் குறைத்துக்கொள் என்பதுதான். தான் பட்ட வெட்கம் மகள் படக்கூடாது என்று நினைத்தாள். அதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த வருடம் ஆடிக் காற்று மோசம். மலைமேல் வீசும் அந்தக் காற்றில் வேர்ப்பது தெரியாது. வேர்க்க வேர்க்கக் காய்ந்துவிடும். லயத்துக்கு ஊற்றுத்தண்ணீர் வரும் பீலியில் விரல் தடிப்பில்தான் விழுந்தது. குடங்களில் பிடித்து இரண்டு நாள், மூன்று நாள் வைத்துக் குடித்தோம். அந்தத் தண்ணீர்தானோ என்னவோ, விஜியின் எட்டு மாதப் பெண்பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், வயிற்றால் போகும் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். விஜி பிரசவ லீவை ஏற்கெனவே முடித்திருந்தாள், மறுபடி லீவு கேட்க முடியாது. அதனால் ஜீவராணி தன் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருந்தாள்.

முதல் நாள் காலையில் வாசலில் நின்று விஜி கேட்டது சுவர் வழியே எனக்குக் கேட்டது.

“பால் குடுத்துட்டுப் போகவாம்மா?”

“கொஞ்சமாக் குடு. ஊத்த ஊத்தத்தான் போகும். வயிறு காஞ்சா தானா நின்னுரும்.”

“சுடுதண்ணி?”

“ஒண்ணும் வேணாம். நாங்கெல்லாம் தண்ணி குடிச்சா வளந்தோம்?”

விஜி சிரித்துக்கொண்டே பெரட்டுக்கு ஓடினாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லி வளர்த்தாள்.

அன்று முழுக்கப் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் போனது. மறுநாள் காலையில் அது அழுதது, கண்ணீர் வரவில்லை. சத்தம் மட்டும், பூனைக்குட்டி கத்துவதுபோல். பத்து மணிக்கு அதுவும் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். ஜீவராணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு ஆறுதல்.

“இப்பத்தான் அசந்து தூங்குறா பெரியப்பா. எழுப்பாதீங்க.”

அந்தச் சொல்லை நான் இதற்கு முன் கேட்டிருக்கிறேன். இதே காம்பராவில், இதே மூலையில், ராசம்மா சொன்னது. கடைசிப் பிள்ளையை இப்படித்தான் மடியில் போட்டுக்கொண்டு, “இப்பத்தான் அசந்து தூங்குறான் மச்சான், எழுப்பாதீங்க” என்றாள். அந்தப் பிள்ளை பிறகு எழும்பவே இல்லை. ஜீவராணிக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

அன்று நல்ல காலமாக, கடைசிக் காம்பராவில் மாசமாக இருக்கும் ஒருத்தியைப் பார்க்க றஷீனா மிஸ் வந்திருந்தார். பசறையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாது அவர். நான் போய் அவரை வழியில் மறித்தேன்.

“மிஸ், இந்தப் பக்கமும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

அவர் பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே விழாமல் அப்படியே நின்று, மெதுவாகத்தான் படிந்தது. உச்சந்தலையைத் தடவினார்; அங்கே குழி. கண்கள் உள்ளே போயிருந்தன. நாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“கடைசியா எப்ப மூத்திரம் பெய்ஞ்சா?”

ஜீவராணி யோசித்தாள். “நேத்து பகல்… தெரியலயே மிஸ்.”

“குடிக்க என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கலங்க. குடுத்தா இன்னும் போகும்னு…”

“போறது ரெண்டு நாள் போய்த்தான் நிக்கும். அதுவரைக்கும், போன தண்ணிய நாமதான் உள்ள வைக்கணும். இவ தூங்கல்ல அக்கா. முழிக்கத் தெம்பில்ல.”

ஜீவராணி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ராசம்மாவின் கதையை அப்போது சொல்லவில்லை.

றஷீனா மிஸ் பையிலிருந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு ஜீவனிப் பக்கட்டை எடுத்தார். ஜீவராணி ஒரு டம்ளரை நீட்டினாள். “இதுல கொஞ்சத் தண்ணில கெட்டியாக் கரைங்க மிஸ், சத்தா இருக்கும்.”

“சத்துக்கு இல்ல இது. ஒரு பக்கட்டுக்குச் சரியா ஒரு லீட்டர், கொதிச்சு ஆறின தண்ணி. தண்ணி கொறஞ்சா உப்பு கூடி, பிள்ளைக்கு அது வேற கேடு. கரைச்சது ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு மிச்சமிருந்தா ஊத்திட்டுப் புதுசாக் கரைக்கணும்.”

என்னிடம் ஒரு லீட்டர் சோடாப் போத்தல் இருந்தது. ஜீவராணி அதைக் கொதிதண்ணீர் விட்டு அலசினாள். காலையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் மிஸ் கரைத்தார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, தேக்கரண்டியால் உதட்டில் விட்டார். உள்ளே போனது. “முழுங்குறா. அது போதும். டவுன் ஆசுபத்திரிக்கு உடனே போகணும். ஆனா போற வழியில நிப்பாட்டாம இதைக் குடுத்துட்டே போகணும்.”

அதற்குள் போனில் செய்தி கேட்டு விஜி மலையிலிருந்து ஓடிவந்துவிட்டாள். முதுகில் கூடை, இடுப்பில் படங்கு. தேயிலைச் செடி குத்தாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சீலை அது. வாயெல்லாம் வெடித்திருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொன்னார் மிஸ். பிள்ளை சப்பியது, கொஞ்சந்தான் வந்தது.

மிஸ் விஜியையே பார்த்தார். “நீங்க கடைசியா எப்ப மூத்திரம் போனீங்க?”

விஜி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். நான் வாசலுக்கு நகர்ந்தேன்.

“காலைல மிஸ். அஞ்சு மணிக்கு.”

“இப்ப பன்னெண்டாகப் போகுது. தண்ணி?”

“வேலைக்குப் போற நாள்ல குடிக்கிறதில்ல.”

“பால் குடுக்கிற தாய் நீங்க. யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?”

விஜியின் கண் தாய் பக்கம் போனது.

“நான்தாங்க” என்றாள் ஜீவராணி.

மிஸ் அவளைத் திட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து விஜியின் கையில் கொடுத்தார். ஆசுபத்திரிக்குத் துண்டு எழுதி என்னிடம் தந்தார்.

சந்தியில் ஓட்டோ ஓட்டும் மபாஸை நான் கூப்பிட்டேன். அவன் வந்தவுடன், “அக்கா, பிள்ள வாந்தி எடுத்தாச் சொல்லுங்க, ஓரமா நிப்பாட்டுறேன். சீட்டு போன கெழமதான் தைச்சது” என்றான்.

“உன் சீட்டுக்கு நாந்தாண்டா காவல். நீ வளைவப் பாத்து ஓட்டு” என்றாள் ஜீவராணி.

அந்த ரோட்டில் வளைவுக்கு என்ன குறை. விஜி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போத்தலைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஜீவராணி. ஒரு கரண்டி வைப்பாள். முழுங்கும்வரை பார்ப்பாள். மறு கரண்டி. இரண்டாம் மைலில் பிள்ளை எல்லாவற்றையும் கக்கிவிட்டது. ஜீவராணியின் கை நின்றுபோனது. கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்கச் சொல்லித்தான் மிஸ் அனுப்பியிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் மறுபடி தொடங்கினாள். கொழுந்து எடுக்கும் விரல்கள் அவை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. விஜி தனக்கென்று நிரப்பி வந்த தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

டவுன் தெரிகிற கடைசி இறக்கத்தில் ஜீவராணி திடீரென்று அசையாமல் உட்கார்ந்தாள்.

“பெரியப்பா.”

நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். “என்னம்மா?”

“மடி நனையுது பெரியப்பா. மூத்திரம். சூடா இருக்கு.”

அவள் சேலையைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து பார்த்து, மறுபடி தொட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். “மபாஸு, உன் சீட்டு போச்சுடா தம்பி.”

“போகட்டும் அக்கா. நல்லாப் பெய்யட்டும்.”

ஆசுபத்திரியில் உடனே சேலைன் ஏற்றினார்கள். இரண்டு நாள் வார்ட்டில் இருந்தார்கள். பால் கொடுப்பதை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது என்றார் அங்கிருந்த டொக்டரம்மா. மூன்றாம் நாள் பிள்ளை என் மீசையைப் பிடித்து இழுத்தது. அன்று பின்னேரம்தான் ஜீவராணியிடம் அவள் தம்பி எப்படிப் போனான் என்று சொன்னேன். கேட்டுவிட்டு, “அம்மா ஒருநாளும் சொல்லலயே” என்றாள். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துத் தாயும் மகளும் நாலாம் நம்பர் மலைக்குப் போனார்கள். அந்த மலை எங்கள் லயத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. பத்து மணிக்கு ஜீவராணி எல்லோருக்கும் முன்னால் போத்தலை எடுத்தாளாம். “ஒட்டகமே தண்ணி குடிக்குது, நாளைக்கு மழதான்” என்று ஒருத்தி சொன்னாளாம். “வரட்டும், பீலியாவது ஓடும்” என்று சொல்லிவிட்டு, மகளுக்கும் கொடுத்தாளாம். இதெல்லாம் விஜி வந்து சொன்னது.

பன்னிரண்டு மணிக்கு நடந்ததை நான் பீலியடியில் நின்று என் கண்ணால் பார்த்தேன். ஜீவராணி இடுப்பிலிருந்து படங்கை அவிழ்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். இன்னொருத்தி தன்னுடையதைப் பிடித்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். நாலு படங்கும் சேர்ந்து தேயிலைக்கு நடுவில் ஒரு சின்ன அறை மாதிரி நின்றது. விஜி உள்ளே போனாள். அவள் வந்ததும் இன்னொருத்தி. இப்போதைய கங்காணிப் பையன் மேட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நானும் அப்படித்தான் நின்றேன், அத்தனை வருடம். முதுகைக் காட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன். மலைக்கு ஒரு மறைப்புக் கட்டித் தரச் சொல்லி இப்போது நானும் கைநாட்டு வைத்துத் தோட்ட ஆபீசுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. காற்று நாட்களில் படங்கு பறக்கிறது. கை கடுக்கிறது என்கிறார்கள்.

ஜீவராணிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம் என்று றஷீனா மிஸ் இரத்தம் சோதிக்க அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் போகவேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. அவளுக்குத் தாகம் எடுப்பதில்லை. “மறந்துபோச்சு பெரியப்பா. ஒடம்பு கேக்கவே மாட்டேங்குது” என்கிறாள். அதனால் தாகத்தை நம்பாமல், ஒரு நிரை முடிந்தால் மூன்று முழுங்கு என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இருக்கும் நாளில் அதையும் மறந்துவிடுகிறாள்.

அதனால் நான் சுவரைத் தட்டிக் கேட்கிறேன்.

“ஜீவா, குடிச்சியா?”

“குடிச்சேன் பெரியப்பா.” கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து, “நீங்க?”

காலையில் ஊற்றி வைத்த டம்ளர் என் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. எனக்கும் தாகம் இல்லை. எடுத்துக் குடிக்கிறேன்.