மூன்றாம் ஓலையும் என் சாட்சியும்

எங்கள் அக்கா கர்த்தருடைய இளைப்பாறலுக்குள் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலருக்காக முதலில் நான் எழுதியது, தம்பிமார் வழக்கமாக எழுதும் கட்டுரைதான். அன்பின் உருவம், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது ஆதம்பாக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க நின்ற காலோடு வந்து எனக்குச் சமைப்பார். நான் படிப்பை முடித்துவிட்டு வெட்டியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொரு வயதில் அக்காவுக்கு ஒரு நல்ல வரன் அமைந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பார்கள். தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் சொன்னதில்லை. மூன்றாம் ஞாயிறு நான் எழுந்து நின்றேன்.

"அக்காவுக்கு வலிப்பு உண்டு. மாப்பிள்ளை வீட்ல சொல்லல" என்றேன்.

சின்ன வயதில் இரண்டே முறை வந்து, பிறகு வராமலே போன வலிப்பு அது. இதெல்லாம் தடையாகாது என்றார் போதகர். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வெளியே போனார். மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார். உண்மையைத்தானே சொன்னேன் என்று பலரிடம் சாதித்தேன். அக்கா போய்விட்டால் எனக்கு யார் சோறு போடுவார் என்பதுதான் உண்மை.

அன்று மதியமும் மட்டன் குழம்பு. எப்போதும்போல் நல்லி எலும்பு என் தட்டில் விழுந்தது.

"இன்னாடா பாக்கிற? ஆறிடும், சாப்டு" என்றார் அக்கா. வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அக்காவுக்கு வேறு வரன் வரவில்லை. நான் பிறகு திருந்தி, வேலைக்குப் போய், பக்திமானாகவும் ஆனேன். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபை முன் எழுந்து சாட்சியாகச் சொல்லும் ஞாயிறுகளில், "அக்கா என்னை மன்னித்ததில் ஆண்டவரின் கிருபையைக் கண்டேன்" என்று தழுதழுப்பேன். பெண்கள் பக்கத்து பெஞ்சில் அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் கடைசி வாரத்தில், மருத்துவமனையில், மன்னித்ததற்கு நன்றி சொன்னேன். அக்கா கண்ணைத் திறந்தார்.

"உன்னை நான் மன்னிக்கலடா. நீ சாட்சி சொல்றப்பல்லாம் எழுந்து சொல்லிடலாமான்னு இருக்கும். ஓலைக்குத்தான் தடை இருக்கான்னு கேக்கிறாங்க. சாட்சிக்கு யாரும் கேக்கிறதில்லையே."

"அப்ப இத்தனை வருஷம் எப்படிக்கா சோறு போட்ட?"

"தினம் காலைல முட்டி போட்டு, இன்னைக்கு ஒரு நாள் இவனுக்குப் போடக் கை குடு ஆண்டவரேன்னு கேப்பேன். குடுத்தாரு, போட்டேன். நாளைக்கு மறுபடி கேக்கணும்."

அதற்கப்புறம் அக்கா என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திய பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும், போதகருக்கும், கல்லறை வரை வந்து எனக்கு முன்னால் மண் போட்ட அந்த மாப்பிள்ளைக்கும் நன்றி. நான் கல்யாணத்தைக் கெடுத்த அக்காவின் கையைப் பிடித்தே எனக்குச் சோறு போட வைத்த ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

சபையாருக்கு ஒன்று. நான் இதுவரை சொன்ன சாட்சி பொய். இங்கே எழுதியிருப்பதுதான் என் சாட்சி. வரும் ஞாயிறு இதைச் சபையில் வாசிப்பேன். தடை இருப்பவர்கள் எழுந்து சொல்லுங்கள்.