ஜீப் குலுங்காத சாலை

எங்கள் மலையைப் பற்றிப் பத்திரிகையில் மூன்றே மூன்று செய்திகள்தான் வரும். கரடி கடித்தது, சாராய ஊறல் பிடிபட்டது, சந்தனக் கட்டை பிடிபட்டது. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, பிள்ளைகள் பிறக்கின்றன, அந்தப் பிள்ளைகள் மேலே படிக்க வழியில்லாமல் ஆடு மேய்க்கப் போகின்றன என்பதெல்லாம் செய்தியே இல்லை. கரடியிடம் மாட்டினால்தான் அதுவரை நாங்கள் உயிரோடு இருந்த விஷயமே கீழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியவரும். எழுபதுகளின் கடைசியில் இதைப் படித்துப் படித்து எனக்கு வயிறு எரியும்.

அப்போது ஊரின் கிளைத் தபால் நிலையம் என் வீட்டு முன்னறையில் இருந்தது. நான்தான் போஸ்ட் மாஸ்டர். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை. மீதி நேரத்துக்குச் சாமைக் கொல்லை. ஊரில் பேப்பர் வாங்குகிறவனும் நான் ஒருவன்தான், அதுவும் ஒரு நாள் பழசாகித் தபால் பையோடு மலை ஏறி வரும். அதில் வாசகர் கடிதங்களுக்கு என்று ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூலைக்கு மாதம் ஒரு போஸ்ட் கார்டாவது எழுதிப் போடுவேன். மேலதிகாரி வருகிற நாளில் மட்டும்தான் நர்சம்மா மலை ஏறுகிறார் என்று எழுதினேன். பஞ்சாயத்து ரேடியோவுக்கு பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது பெட்டிக்குள் பல்லி குடித்தனம் நடத்துகிறது என்று எழுதினேன். தபால் வேலையில் இருந்துகொண்டு சொந்தப் பெயரில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் கடைசியில் 'மலைவாசி' என்று மட்டும் போடுவேன். ஒரே ஒருவன் பேப்பர் படிக்கிற ஊரில், எழுதுகிறவன் யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸா வரவேண்டும்?

என் மனைவி கிண்டல் செய்வாள். "கடுதாசிய நீங்களே எழுதறீங்க, நீங்களே முத்திர குத்தறீங்க, பேப்பர்ல வந்தா நீங்களே படிச்சிக்கிறீங்க. நடுவுல அந்தப் பேப்பர்காரன் எதுக்குங்க?"

நான் அவளை முறைத்துவிட்டு அடுத்த போஸ்ட் கார்டை எடுப்பேன்.

நான் அதிகமாக எழுதியது சாலையைப் பற்றித்தான். சாலை என்று சொல்வதும் ஒரு மரியாதைக்காகத்தான். ஒடுகத்தூரிலிருந்து வருகிற பஸ் மலையடிவாரத்தோடு நின்று திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு நாலு மைல் ஏற்றம். எப்போதோ காட்டு மரத்தை வெட்டி லாரியில் இறக்கிய கூப்புக் காண்ட்ராக்டர்கள் போட்ட மண்பாதை அது. மரம் தீர்ந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். பள்ளங்களை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தார்கள். மூன்றாவது திருப்பத்தில் இருந்த பள்ளத்தில் ஓர் எருமை படுத்தால் கொம்பு மட்டும்தான் வெளியே தெரியும். மழைக்காலத்தில் எருமைகள் நிஜமாகவே அதில் படுத்திருக்கும்.

அந்த வருஷம் என் மகள் மலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு முடித்தாள். தபால் பையில் வருகிற கிறுக்கல் விலாசங்களை என்னைவிட வேகமாகப் படித்துவிடுகிற பெண். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஒடுகத்தூர் ஹைஸ்கூலுக்குத்தான் போகவேண்டும். போகலாமா என்று நான் பேச்சை எடுத்த அன்றே என் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"பஸ்ஸு ஊருக்கு வந்துச்சின்னா போவட்டும். வரலன்னா வூட்டோட இருக்கட்டும். நாலு மைலு காட்டுல காலையும் சாயங்காலமும் வயசுப் பொண்ண ஒண்டியா நடக்க வுட்டுட்டு, என்னால வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்க முடியாது."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் பஸ் டிப்போவில் போய்க் கேட்டேன். ரோடு சரியாகட்டும், அடுத்த நாளே பஸ்ஸை மேலே விடுகிறோம் என்றார்கள். ஆக, என் மகளின் ஒன்பதாம் வகுப்பு அந்த எருமைப் பள்ளத்தில்தான் கிடந்தது.

இந்தத் தடவை போஸ்ட் கார்டு போதாது என்று இன்லண்டு லெட்டரில் எழுதினேன். எந்தத் திருப்பத்தில் எத்தனை பள்ளம், எது எத்தனை முழம் என்று ஒன்று விடாமல் எழுதினேன். எருமைக் கொம்பையும் விடவில்லை. என்ன அதிசயமோ, பேப்பர்காரர்கள் ஒரு வரியும் வெட்டாமல் போட்டார்கள். இரண்டு வாரத்தில் ஊர்க்கவுண்டர் பெயருக்கு அரசாங்கக் கவர் ஒன்று வந்தது. ஊர்க்கவுண்டர் கைகாட்டினால்தான் எங்கள் ஊரில் எதுவும் அசையும். ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் வீட்டுக்கே போய்க் கவரைப் பிரித்தேன். சாலையின் நிலையை நேரில் பார்வையிட வரும் செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார் என்று இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "செவ்வாக்கெழம ஆபீசரு நம்ம ஊருக்கு வர்றாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அதை இன்றைக்கும் நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை விடியற்காலையிலேயே தபால் பையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒடுகத்தூருக்கு இறங்கினேன். ஹைஸ்கூலில் மகளுக்கு இடம் உண்டு என்றார்கள். விண்ணப்பத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் மலையடிவாரத்தில் வந்து ஜீப்புக்காகக் காத்திருந்தேன். கூடவே ஏறிப்போய் ஒவ்வொரு பள்ளமாகக் காட்டவேண்டும் என்பது என் திட்டம். அதிகாரி நல்ல மாதிரி. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். என் கடிதம் வந்த பேப்பர் துண்டை ஃபைலில் குத்தி வைத்திருந்தார். எழுதியது நான்தான் என்று நானும் சொல்லவில்லை.

முதல் திருப்பம் வந்தது. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஜீப் குலுங்கவில்லை. இரண்டாவது திருப்பத்திலும் குலுங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பாதை முழுக்கச் செம்மண் கொட்டி, கட்டையால் அடித்து, புழுதி பறக்காமல் இருக்கத் தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார்கள். ஓரத்து முள்ளையெல்லாம் செதுக்கியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் மலையில் ஒரு முறை உண்டு. சம்பந்தம் பேச ஆட்களோ, அடுத்த ஊர்ச் சாமியோ வரப்போவது தெரிந்தால் ஊர் கூடி வழியைச் சரிசெய்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு பாதை. வருகிறவர் காலில் ஒரு கல் குத்தினால்கூட அந்தப் பங்குக்காரர் வீட்டுக்கு அவமானம். கல்யாணத்துக்கு வருகிறவனுக்குச் செய்கிற மரியாதையை இவர்கள் பள்ளத்தை எண்ண வருகிறவனுக்குச் செய்துவைத்திருந்தார்கள்.

மூன்றாவது திருப்பத்தில் அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "எங்கேய்யா அந்த எருமைப் பள்ளம்?"

"இங்கதான் சார் இருந்துச்சி" என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. பாதை மெழுகிய தரையாகக் கிடந்தது. ஓரத்தில் மண்வெட்டியும் கூடையுமாகப் பெண்கள் சிலர் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் நடுவில் என் மகள், முழங்கால் வரைக்கும் செம்மண்ணோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாளா என்று முறைத்தேன்.

ஊர் முனையில் மாவிலைத் தோரணம், மேளம், மாலை. சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டு, டம்ளரில் தேன் ஊற்றிக் கொடுத்தார்கள். அதிகாரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கை கழுவும்போது பிடித்துக்கொண்டேன்.

"சார், இதெல்லாம் நேத்து போட்ட மண்ணு. ஒரு மழைக்குத் தாங்காது."

அவர் சிரித்தார். "ஒரே நாள்ல இவ்வளவு செய்யத் தெரிஞ்ச ஜனங்களுக்குக் கவர்மெண்ட் எதுக்குய்யா?"

பாராட்டாகத்தான் சொன்னார்.

ஜீப் கிளம்பியதும் ஊர்க்கவுண்டரிடம் போனேன். வயதில் பெரியவர், அதுவரை அவரிடம் நான் குரலை உயர்த்தியது கிடையாது.

"இன்னா வேல செஞ்சி வெச்சிருக்கீங்க? அவரு பாக்க வந்ததே அந்தப் பள்ளத்ததாங்க. அதப் போய் மூடி வெச்சிட்டீங்களே."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார். "பள்ளத்தப் பாக்கவா வந்தாரு? எத்தினி வருஷம் கழிச்சி ஒரு ஆபீசரு மேல ஏறி வர்றாரு. நம்மளப் பாக்கத்தான் வர்றாருன்னு நெனச்சோம்."

நான் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊரை, அந்த அதிகாரியை, பேப்பரை, அவசரக்குடுக்கையாகப் பாதி படித்த என்னை, யாரையும் விடவில்லை. என் மனைவி நடுவில் ஒரு தடவை வந்து, "தண்ணி குடிச்சிட்டுத் திட்டுங்க" என்று சொம்பை வைத்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் கோடை மழை பெய்தது. செம்மண் முழுக்கக் கரைந்து ஓடையில் போனது. எருமைகள் பழைய இடத்துக்குத் திரும்பின. மழைக்குப் பிறகு சாலை இருக்கும் நிலையைச் சொல்லி அந்த அதிகாரிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பஸ் டிப்போவுக்கு ஒரு கடிதம் போட்டேன். மே மாதக் கடைசியில் ஒரே தபால் பையில் இரண்டு கவர்கள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒன்று சாலைக்காரர்களுடையது. சாலை நல்ல நிலையில் இருப்பதால் தற்போது எந்த வேலையும் தேவையில்லை. இன்னொன்று டிப்போவிலிருந்து. சாலை மோசமான நிலையில் இருப்பதால் பஸ்ஸை மேலே விட இயலாது. இரண்டிலும் கையெழுத்து, இரண்டிலும் ரப்பர் ஸ்டாம்ப். இரண்டின் மேலும் வந்த தேதியை முத்திரை குத்தியது நான். இந்த நாட்டில் ஒரே சாலை ஒரே நாளில் நன்றாகவும் மோசமாகவும் இருக்க முடியும், அதற்கு நானே சாட்சி.

மனைவியும் மகளும் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கடிதத்தையும் உரக்கப் படித்துக் காட்டினேன். சொல்ல வேண்டியதை என் மனைவி முன்பே சொல்லிவிட்டாள். மகள்தான் கேட்டாள்.

"மொத கடுதாசியில நடுவுல இன்னாவோ திருப்பம்னு படிச்சியேப்பா, அத இன்னொருவாட்டி படி."

படித்தேன். "குறிப்பாக மூன்றாவது திருப்பத்தில் சாலை மிகவும் சீராகப் பராமரிக்கப்பட்டுள்ளது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அது நம்ம வூட்டுப் பங்குப்பா. நீ எனக்கு இஸ்கூலு கேக்கப் போய்ட்ட. அம்மா தபாலு பாத்துக்கினு இருந்துச்சி. வூட்டுக்கு ஒரு ஆளு வரணும்னாங்க, நான்தான் போனேன். அந்தப் பள்ளத்துல எவ்ளோ கொட்டினாலும் உள்ளயே போய்க்கினு இருந்துச்சிப்பா. பொழுதுக்கும் சொமந்தேன். அவரு ஜீப்பு குலுங்கவே இல்ல, பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். "நல்லாப் போட்டிருந்த."

அவள் புளிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி அந்த வரியைத் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். டிப்போ கடிதத்தையும் படித்தாள். இரண்டையும் மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தன் பெயரையும் பிறந்த தேதியையும் குண்டு குண்டாக எழுதி வைத்திருந்த ஹைஸ்கூல் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசை இழுப்பறையில் வைத்தாள். அப்புறம் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.